எலி கடிக்கவே இல்லை, எலிக்காய்ச்சல் எப்படி வந்தது?

கேள்வி:

டாக்டர் அய்யாவுக்கு வணக்கம். தக்கலைக்கு அடுத்த ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு 44 வயது. பாட்டத்துக்கு எடுத்த வயலும் கொஞ்சம் வாழையும் பார்க்கிறார். ஆடி மழையில் அவரும் அவர் தம்பியும் வாய்க்காலில் இறங்கி, அடைத்துக் கிடந்த புல்லையும் சேற்றையும் வாரிப் போட்டார்கள். அன்று மண்வெட்டி பட்டு அவர் காலில் சிறு காயம். உடனே டி.டி. ஊசி போட்டோம். பத்தாம் நாள் குளிரும் காய்ச்சலும் வந்தன. மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கி மூன்று நாள் ஓட்டினோம். கண் மஞ்சளித்ததும் இரண்டு நாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். சிறுநீர் குறைந்து மூச்சு வாங்கிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலிக்காய்ச்சல் என்றார்கள். மூன்று முறை டயாலிசிஸ் செய்தார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், தேறி வருகிறார். ஆனால் எங்கள் வீட்டில் எலி யாரையும் கடிக்கவில்லை. கொதித்து ஆறிய தண்ணீர்தான் குடிக்கிறோம். பிறகு எப்படி வந்தது? கூடவே இறங்கிய தம்பிக்கு ஏன் ஒன்றும் இல்லை? மாமியார் இவருக்குத் தட்டு, தம்ளர், பாய் எல்லாம் தனியாக வைத்திருக்கிறார். ஆறு வயது மகளைப் பக்கத்தில் விடுவதில்லை. இது ஒட்டுமா? கும்பப்பூ நடவுக்கு அவர் வயலில் இறங்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் உங்கள் மகளை அவள் அப்பாவின் மடியில் உட்கார விடுங்கள். எலிக்காய்ச்சல் மூச்சுக் காற்றால் வராது. தொட்டால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒரே பாயில் படுத்தாலும் வராது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது மிக மிக அபூர்வம். நோயாளியின் சிறுநீரில் சில காலம் கிருமி வெளியேறக்கூடும். முழு அளவில் மருந்து கொடுத்த பிறகு அந்த வாய்ப்பும் குறைந்துவிடுகிறது. அவர் கழிப்பறையைப் பயன்படுத்தட்டும், நன்றாகத் தண்ணீர் ஊற்றட்டும், அதைக் கழுவுகிறவர்கள் பிறகு சோப்பு போட்டுக் கை கழுவட்டும். அது போதும். சாவின் விளிம்புவரை போய்த் திரும்பிய மனிதர், சொந்த வீட்டில் தனித் தட்டோடு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

மாமியாரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவர் தலைமுறை வைசூரிக் காலத்தை, அதாவது பெரியம்மைக் காலத்தைக் கண்டது. அன்று ஒதுக்கி வைத்த வீடுகளில்தான் மிச்சப்பேர் பிழைத்தார்கள். அந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் வைசூரிக் கிருமி வந்த வழி வேறு, இந்தக் கிருமி வரும் வழி வேறு. இதைப் பொறுமையாக அவரிடம் சொல்லுங்கள். நான் கீழே எழுதுவதை அவருக்கு வாசித்துக் காட்டினாலும் நல்லது.

நீங்கள் வயலை அறிந்தவர். எந்த வயலுக்கும் தண்ணீர் ஒரு மடை வழியாகத்தான் பாயும். கிருமியும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஒரு மடை உண்டு. டைபாய்டும் காலராவும் வாய் வழியாக வருகின்றன. காசநோய் மூச்சோடு வருகிறது. டெங்குவுக்குக் கொசு வேண்டும். ரப்பர்த் தோட்டத்தில் மழைத் தண்ணீர் தேங்கிய சிரட்டையில் பெருகுகிறதே, அந்தக் கொசு. குளத்துத் தண்ணீரில் வாழும் மூளையைத் தின்னும் அமீபாவைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் ஆகாது. மூக்குக்குள் ஏறினால்தான் ஆபத்து. ஒரே தண்ணீர், ஒரே கிருமி, ஆனால் மடை மாறினால் கதையே மாறிவிடுகிறது. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தீர்கள். அது வாய் என்ற மடையை அடைத்தது. உங்கள் கணவருக்கு நோய் வந்த மடை வாய் அல்ல, கால்.

எலிகளும் பெருச்சாளிகளும் இந்தக் கிருமியைத் தங்கள் சிறுநீரகத்தில் சுமந்து திரிகின்றன. எலிக்கு நோய் எதுவும் வருவதில்லை. நல்ல கொழுகொழுவென்று இருக்கும், மாதக்கணக்கில் சிறுநீரில் கிருமியைக் கழித்துக்கொண்டே இருக்கும். மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் இது வரலாம். தொழுவத்தை வெறுங்காலோடு கழுவுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வரப்பில் வளை தோண்டி வாழும் எலியின் சிறுநீர் மழையில் கரைந்து வயலுக்கும் வாய்க்காலுக்கும் வருகிறது. ஓடாமல் தேங்கிய தண்ணீரிலும் ஈரச் சேற்றிலும் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெயிலில் காய்ந்தால் செத்துவிடும். உப்புத் தண்ணீரும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. புத்தளம் உப்பளத்தில் காலை வைப்பதும் தக்கலை வயலில் காலை வைப்பதும் இந்த நோயைப் பொறுத்தவரை ஒன்றல்ல. நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் சானல் சானலாகப் பிரிந்து வயலுக்கு வருகிறது. நமக்குச் சோறு போடும் இதே ஈரந்தான் ஆண்டில் பல மாதங்கள் இந்தக் கிருமியையும் வாழ வைக்கிறது.

இனி காலுக்கு வருவோம். நான்கு மணி நேரம் சேற்றில் நின்றுவிட்டு வந்தவரின் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் ஒரு நாள் பாருங்கள். உள்ளங்கால் வெளுத்து, ஊறிய தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கும். விரல் இடுக்கை விரித்தால் அங்கே தோல் பிய்ந்து, ஈரமாக, இளஞ்சிவப்பாகத் தெரியும். சேற்றுப்புண் என்போம். அதைப் புண் என்றுகூட யாரும் கணக்கில் வைப்பதில்லை. நம் விவசாயிகளில் பாதிப்பேர் அதோடுதான் நடக்கிறார்கள். தோல் முழுசாகவும் உலர்ந்தும் இருக்கும்வரை இந்தக் கிருமியால் உள்ளே வர முடியாது. ஊறிப்போன தோலில், விரல் இடுக்கில், மண்வெட்டிக் காயத்தில் அதற்கு வழி கிடைக்கிறது. சேற்றுத் தண்ணீர் தெறித்தால் கண் வழியாகவும், மூக்கு, வாயின் உட்சவ்வு வழியாகவும் புகும். உங்கள் கணவருக்குப் புதிதாக வெட்டுப்பட்ட காயமும் இருந்தது. கிருமி புகுந்து சாதாரணமாக ஐந்து முதல் பதினான்கு நாட்களில் காய்ச்சல் வரும். பத்தாம் நாள் வந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோதே எனக்கு அந்த வாய்க்கால் தெரிந்துவிட்டது.

ஊசி போட்டோமே என்று உங்களுக்குத் தோன்றும். போட்டது சரி, இனியும் போடுங்கள். ஆனால் அந்த ஊசி ரணஜன்னிக்கானது, அதாவது டெட்டனஸுக்கானது. ரணஜன்னிக் கிருமி காயத்தை விட்டு நகர்வதே இல்லை. இருந்த இடத்திலிருந்தே ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சுதான் நரம்பு வழியாகப் போய் உடம்பை வில்லாக வளைக்கிறது. காலராக் கிருமியும் குடலைத் தாண்டி இரத்தத்துக்குள் போவதில்லை. அதன் நஞ்சு குடலிலிருந்து தண்ணீரை இறைத்துக் கொட்டிவிடுகிறது. எலிக்காய்ச்சல் கிருமி இப்படி ஓரிடத்தில் உட்காருகிற இனம் அல்ல. அது நேராக இரத்தத்தில் இறங்கி உடம்பு முழுக்கப் பயணம் போகிறது. ரணஜன்னி ஊசியால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

அதன் பெயர் லெப்டோஸ்பைரா. தலைமுடியின் குறுக்களவுக்குள் நூற்றுக்கணக்கில் அடுக்கிவிடலாம், அவ்வளவு மெல்லியது. சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. பின்புலத்தை இருட்டாக்கிக் காட்டும் தனி நுண்ணோக்கியில் வைத்தால், கறுப்புத் துணியில் வெள்ளி நூல் துண்டுகள் துடிப்பது போலத் தெரியும். சுருள் சுருளான உடல், நுனியில் ஒரு கொக்கி. 1907இல் ஸ்டிம்சன் என்ற அமெரிக்க மருத்துவர், மஞ்சள் காய்ச்சலில் இறந்ததாக நினைத்த ஒருவரின் சிறுநீரகத்தில் இதைக் கண்டார். வடிவம் கேள்விக்குறி போல இருந்ததால் அந்தப் பொருளிலேயே லத்தீனில் ‘இன்டர்ரோகன்ஸ்’ என்று பெயர் வைத்தார். என்ன நோய்க்கான கிருமி அது என்று அன்று தெரியவில்லை. ஜெர்மானிய மருத்துவர் வைல் 1886லேயே மஞ்சள் காமாலையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து வரும் ஒரு காய்ச்சலை விவரித்திருந்தார். அதற்குக் காரணமான கிருமியை 1915 வாக்கில் ஜப்பானில் இனாடா, இடோ என்ற இருவரும் அவர்கள் குழுவினரும், தண்ணீர் தேங்கிய நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை பார்த்தவர்களிடம் கண்டுபிடித்தார்கள். சுரங்கம், வயல், சாக்கடை என்று இடம் எதுவானாலும் இந்த நோய் ஈரத்தில் இறங்கி உழைக்கிறவர்களைத்தான் முதலில் பிடிக்கிறது. உங்கள் கணவருக்கு இது வந்ததற்கு உங்கள் சமையலோ வீட்டின் சுத்தக் குறைவோ காரணம் அல்ல. அவர் செய்த வேலை காரணம்.

உள்ளே போன கிருமியை உடம்பு ஏன் உடனே பிடிக்கவில்லை என்பதையும் சொல்கிறேன். இரத்தத்தில் காவல் புரதங்கள் சில உண்டு. அந்நியமான எதைக் கண்டாலும் ஒட்டிக்கொண்டு துளைத்துவிடும். நம் சொந்த உயிரணுக்களைத் தவறிப்போய்த் துளைத்துவிடாமல் தடுக்க வேறொரு புரதம் அடையாளம் போல இருக்கிறது. லெப்டோஸ்பைரா நம்முடைய அந்த அடையாளத்தையே பிடித்துத் தன் மேல் ஒட்டிக்கொள்கிறது. காவல் புரதம் இவனும் இந்த வீட்டுக்காரன் என்று விட்டுவிடுகிறது. பல பாக்டீரியாக்களின் மேலுறையை உடனே மோப்பம் பிடித்து உடம்புக்கு எச்சரிக்கை கொடுக்கும் ஓர் உணர்வி நம்மிடம் உண்டு. இந்தக் கிருமியின் மேலுறை மனிதரின் அந்த உணர்விக்குப் பிடிபடுவதில்லை. ஆகவே முதல் சில நாட்கள் அது இரத்தத்தில் தடையின்றிப் பெருகுகிறது. கடுங்குளிர், தலைவலி, கெண்டைக்கால் சதையைத் தொட முடியாத வலி, பீளை இல்லாமல் கண் சிவந்து கிடப்பது எல்லாம் அந்த நாட்களில் வருபவை. கெண்டைக்காலை அமுக்கினால் ஆள் அலறிவிடுவார். வயல்வேலை செய்கிறவருக்குக் கால்வலி வழக்கம்தானே என்று இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

ஏறக்குறைய ஒரு வாரத்தில் உடம்பு இந்தக் கிருமிக்கென்றே எதிர்ப்பொருளைச் செய்துவிடும். இரத்தத்திலிருந்து கிருமி மறையத் தொடங்கும். ஆனால் அதற்குள் அது சிறுநீரகத்தில் போய் ஒட்டியிருக்கும். இரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து கசியும். அது நுரையீரலில் நடந்தால் ஆள் இரத்தமாக இருமுவார். இந்த நோயில் நான் மிகவும் பயப்படுவது அதற்குத்தான். உங்கள் கணவருக்கு மூச்சு வாங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மறுநாள்வரை காத்திருக்காமல் போனீர்களே, அது பெரிய காரியம்.

மஞ்சள் காமாலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லீரல் உயிரணுக்கள் வரப்புக் கட்டியது போல நெருக்கமாக ஒட்டி நின்று பித்தத்தை அதன் வழியில் ஓட விடுகின்றன. இந்தக் கிருமி அந்த ஒட்டுதலைக் குலைத்துவிடுகிறது. வரப்பில் நண்டு வளை விழுந்த வயலில் தண்ணீர் கசிவது போலப் பித்தம் இரத்தத்தில் கசிந்து கண் மஞ்சளிக்கிறது. அப்போது உயிரைக் காப்பாற்றக் கவனிக்க வேண்டியது கல்லீரலை அல்ல, கிருமியைக் கொல்லும் மருந்தையும் சிறுநீரகத்தையும்தான். கீழாநெல்லியைப் பழிக்க எனக்கு எண்ணமில்லை. ஆனால் அதை அரைத்துக் கொடுத்த இரண்டு நாட்களும் அவருடைய சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்த நாட்கள். காய்ச்சலோடு காமாலை வந்தால், சிறுநீர் குறைந்தால், எந்தப் பச்சிலைக்கும் காத்திருக்கக் கூடாது. பெரியவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை, வண்டியைக் கூப்பிடுங்கள்.

மெடிக்கல் கடை மாத்திரையைப் பற்றியும் வருத்தத்தோடு சொல்கிறேன். உடம்புவலி என்று கேட்டால் பல கடைகளில் காய்ச்சல் மாத்திரையோடு டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையும் கலந்து மடித்துக் கொடுக்கிறார்கள். ஏற்கனவே அடிபட்ட சிறுநீரகத்துக்கு அது மேலும் ஓர் அடி. டெங்குவாக இருந்தாலும் அது ஆபத்து. மழைக்காலக் காய்ச்சலுக்கு, டாக்டரைப் பார்க்கும்வரை பாராசிட்டமால் தவிர வேறெதையும் கொடுக்காதீர்கள்.

இந்த நோய்க்கு மருந்து அபூர்வமானதோ விலை கூடியதோ அல்ல. ஆரம்பத்தில் பிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையே பெரும்பாலும் போதும். முற்றினால் பெனிசிலின் அல்லது செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி. எல்லாம் அரசு மருத்துவமனையில் கிடைப்பவை. தாமதம் நேர்வது மருந்தில் அல்ல, நோயைச் சந்தேகிப்பதில். நான் பயிற்சி மருத்துவராக இருந்த ஒரு மருத்துவமனையில் ஓர் இரவு ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி காய்ச்சலோடு வந்தார். வயது முப்பதுக்குள். டைபாய்டு என்று எழுதி வார்டில் போட்டோம். நான் அவரிடம் எத்தனையோ கேட்டேன், என்ன வேலை செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவர் மனைவி வைத்திருந்த துண்டில் இரத்தம் பார்த்தேன். அவர் பிழைக்கவில்லை. ஈரமண்ணில் விடியுமுன் வெறுங்காலோடு மரம் மரமாக நடக்கிறவர் என்பதை அந்த அம்மா பிறகுதான் சொன்னார். அன்றிலிருந்து காய்ச்சல் என்று வருகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான். எல்லா மருத்துவரும் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். கூட்டத்தில் அவருக்கு நேரம் இருக்காது. நீங்களே சொல்லுங்கள்: “பத்து நாளைக்கு முன் வயல் சேற்றில் இறங்கினார், காலில் காயம் இருந்தது.” இந்த ஒரு வாக்கியம் பல பரிசோதனைகளைவிடச் சீக்கிரம் டாக்டரை நோயிடம் கூட்டிப்போகும். முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் உண்டாகியிருக்காது என்பதால் இரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வரலாம். நோயைச் சந்தேகிக்கும் டாக்டர் அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் நோயாளி அதை நம்பி வீட்டுக்குப் போய்விடுவார். போகாதீர்கள். அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருந்தால் அதையும் காட்டுங்கள். அது உண்ணிக் காய்ச்சலின் அடையாளம். அதற்கும் டாக்ஸிசைக்ளின்தான்.

கூட இறங்கிய தம்பிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். அவர் காலில் காயம் இல்லாதிருந்திருக்கலாம். கிருமி குறைவாகப் புகுந்திருக்கலாம். புகுந்தும், இரண்டு நாள் உடம்புவலியோடு போயிருக்கலாம். இந்தக் கிருமி தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அப்படித்தான் போகிறது. சுமார் பத்தில் ஒருவருக்கே இப்படி முற்றுகிறது. முன்பு எப்போதோ தொற்றி அந்த வகைக்கு எதிர்ப்பு இருந்திருக்கலாம். ஆனால் லெப்டோஸ்பைராவில் நோய் தரும் வகைகள் இருநூறுக்கும் மேல். ஒன்றுக்கு எதிர்ப்பு இருந்தால் மற்றதற்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே தம்பி தப்பினார் என்பதால் அடுத்த முறையும் தப்புவார் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கணவரும் ஒரு முறை வந்துவிட்டது, இனி வராது என்று நினைக்க வேண்டாம்.

கும்பப்பூ நடவுக்கு இறங்கலாமா? டயாலிசிஸ் செய்த சிறுநீரகம் இந்த நோயில் பெரும்பாலும் முழுதாகத் திரும்பிவிடும், அது நல்ல செய்தி. ஆனால் திரும்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம், கூடவே சிறுநீர் சோதனை. இவை சரியாக இருந்து, ஒரு படி ஏறினால் மூச்சு வாங்காத அளவுக்கு உடம்பு தேறும்வரை இறங்க வேண்டாம். இந்த ஒரு நடவை ஆள் வைத்துச் செய்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம். கூலி கையைக் கடிக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னொரு டயாலிசிஸ் அதைவிட அதிகம் கடிக்கும்.

பிறகு இறங்கும்போது, வாய்க்கால் வாரவும் வாழைக்குத் தடம் வெட்டவும் முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் போடட்டும். நடவுச் சேற்றில் பூட்ஸ் உள்வாங்கிக்கொள்ளும், காலை எடுக்க முடியாது. அதை எங்களைப் போன்றவர்கள் சொல்வதில்லை, விவசாயிகள் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நடவன்று காயமோ சேற்றுப்புண்ணோ இருந்தால் இறங்கக் கூடாது என்பதுதான் வழி. முதல் நாள் இரவே விரல் இடுக்கைப் பார்த்துவிடுங்கள். சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு வாங்கி ஆற வைத்துவிடலாம். கரை ஏறியதும் வீடு வரும்வரை காத்திராமல் அங்கேயே நல்ல தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, விரல் இடுக்கை ஈரம் போகத் துடைக்கட்டும். வெள்ளம் வந்த வாரங்களிலும் தொடர்ந்து சேற்றில் நிற்கும் நாட்களிலும் வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் சாப்பிடுவது உண்டு. பக்கத்துக் கேரளத்தில் மழைக்காலத்தில் சுகாதாரத் துறையே இதைக் கொடுக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள், தானாகத் தொடங்க வேண்டாம். சோற்றுக்குப் பிறகு ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் உங்கள் மகள் வயதுக் குழந்தைகளுக்கும் இது கூடாது.

வீட்டுப் பக்கத்தில் மரச்சீனியும் நெல்லும் வைக்கோலும் கிடக்கும் இடத்தை ஒரு முறை ஒழித்துப் பாருங்கள். எலிக்கு அங்கே தீனி இருக்கும்வரை பொறி வைத்து மாளாது.

தம்பியிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். அவருக்கு இனி எந்த மழையில் காய்ச்சல் வந்தாலும், அண்ணனுக்கு எலிக்காய்ச்சல் வந்ததையும் தான் வயலில் இறங்கியதையும் முதல் நாளே டாக்டரிடம் சொல்ல வேண்டும். உங்கள் கணவரின் டிஸ்சார்ஜ் சீட்டை மழை படாத ஓர் உறையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். சிறுநீரகச் சோதனைக்குப் போகும்போது அதையும் எடுத்துப் போங்கள். அந்தச் சோதனைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்